எக்கோ சரியாக இருக்கிறது. பிறகு எம்ஆர்ஐ எதற்கு?

கேள்வி: தூக்கத்தில் இரண்டு முறை நினைவிழந்த என் தம்பிக்கு, இசிஜியைப் பார்த்து, இதயத்துடிப்பு திடீரென ஆபத்தாகத் தடம்புரளக்கூடிய புருகாடா நோய் என்றார்கள். எக்கோவில் இதயம் நன்றாக இருக்கிறது, இது மின்னோட்டக் கோளாறு மட்டுமே என்று சொன்ன மருத்துவரே இப்போது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். அமைப்பில் குறையில்லாத இதயத்தில் எதைத் தேடுகிறார்? உடன்பிறந்த நானும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: மருத்துவர் சொன்ன இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. 1992-இல் புருகாடா சகோதரர்கள் எட்டு நோயாளிகளை முன்வைத்து இந்நோயை விவரித்தபோது, இதயத்தின் அமைப்பு இயல்பாக இருப்பதையே அதன் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்டனர். சோடியம் அயனிகள் இதயச் செல்லுக்குள் நுழையும் வாயிலை உருவாக்கும் மரபணுவில் பிழை இருப்பது பின்னர் தெரியவந்ததும், இது முழுக்க மின்னோட்டம் சார்ந்த நோய் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் வெளியேறும் பாதையின் புறப்பரப்பில் நாரிழைத் திசு மிகுந்திருப்பதையும், ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு மின்தூண்டலைக் கடத்தும் புரதம் குறைந்திருப்பதையும் காட்டியது. எக்கோ கருவி அறைகளின் அளவையும் சுவரின் அசைவையும் காட்டுமே தவிர, இவ்வளவு நுண்ணிய மாற்றத்தைக் காட்டாது. 'அமைப்பு இயல்பு' என்ற சொல்லை, அந்தக் கருவிக்குப் புலப்பட்ட வரையில் இயல்பு என்றே படிக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், அந்த நுண்ணிய நாரிழைகள் எம்ஆர்ஐயிலும் பெரும்பாலும் தெரிவதில்லை. மருத்துவர் முக்கியமாக இல்லை என்று உறுதிசெய்ய நினைப்பது வேறொரு நோயாக இருக்கலாம். இதயச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களின் மரபணுப் பிழையால், வலது கீழறைத் தசை சிறுகச் சிறுக அழிந்து, அவ்விடத்தில் கொழுப்பும் நாரிழையும் நிரம்பும் தசைநோய் ஒன்று உண்டு. தொடக்க காலத்தில் அறையின் வடிவம் கெடாமலே ஆபத்தான துடிப்புகள் தோன்றக்கூடும் என்பதாலும், அதன் இசிஜி சிலரிடம் புருகாடாவை ஒத்திருப்பதாலும், இரண்டையும் பிரித்தறிவது அவசியமாகிறது. இது பெயரைப் பற்றிய சர்ச்சை அன்று. அந்தத் தசைநோயைக் கடும் உடற்பயிற்சி வேகப்படுத்தும் என்பதால் போட்டி விளையாட்டுகளைக் கைவிடச் சொல்வோம். புருகாடாவிலோ காய்ச்சலும், உறக்கமும், சில மருந்துகளும்தான் கவலைக்குரியவை.

மற்ற பரம்பரைத் துடிப்புக் கோளாறுகளிலும் மின்னோட்டக் கோளாறு, அமைப்புக் கோளாறு என்ற எல்லைக்கோடு அவ்வளவு உறுதியானதன்று. இதயத்தின் இயல்பான துடிப்பு வேகத்தை அமைக்கும் மரபணு ஒன்றில் பிழையுள்ள சில குடும்பங்களில், துடிப்பு மிக மெதுவாக இருப்பதுடன் இடது கீழறையின் உட்சுவர் கடற்பஞ்சுபோல் இழையிழையாகவும் காணப்படுகிறது. இசிஜியில் க்யூடி என்னும் இடைவெளி நீண்டிருக்கும் நீண்ட க்யூடி நோயின் அரிய வகையான டிமத்தி நோயில், விரல்கள் ஒட்டியிருப்பதோடு பிறவி இதயக் குறைபாடுகளும் சேர்ந்து வரலாம்.

இனி உங்களைப் பற்றி. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய முதல்நிலை உறவினர் அனைவரும் இசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும். மார்பின் மின்முனைகளை வழக்கமான இடத்தோடு, ஒன்றிரண்டு விலா இடைவெளி மேலேயும் வைத்துப் பதியும்படி கேளுங்கள். புருகாடாவின் அடையாளம் சிலரிடம் அங்கேதான் வெளிப்படும். தம்பியிடம் மரபணுப் பிழை கண்டறியப்பட்டால் அதே பிழை உங்களுக்கும் உள்ளதா என்று பார்க்கலாம். ஆனால் இந்நோயில் பெரும்பாலோருக்கு மரபணுச் சோதனையில் காரணம் எதுவும் அகப்படுவதில்லை என்பதால், அதில் ஒன்றும் தெரியவில்லை என்று இசிஜியைத் தவிர்த்துவிடாதீர்கள். தம்பிக்குக் காய்ச்சல் கண்டால் காத்திருக்காமல் பாராசிட்டமால் கொடுத்து வெப்பத்தைத் தணியுங்கள். அப்படியும் இறங்காவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.