பனி பார்க்க ஹொக்கைடோ வரை போக வேண்டுமா?

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள், சைவம். ஜனவரியில் 8 நாள் ஜப்பானை ரயிலிலேயே சுற்றிப் பார்க்க ஆசை. டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, பனிக்காக வடகோடித் தீவான ஹொக்கைடோ என்று பட்டியல் போட்டிருக்கிறோம். நாடு முழுவதற்குமான ரயில் பாஸ் வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: பட்டியலைப் படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது! ஹொக்கைடோவையும் ஹிரோஷிமாவையும் அடித்துவிடுங்கள். டோக்கியோ, நகானோ, கனசாவா, கியோட்டோ, திரும்ப டோக்கியோ. இந்த ஒரு சுற்று போதும். பனியும் கிடைக்கும்.

பாஸ் வேண்டாம். 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவாக 50,000 ஆனது. இந்தச் சுற்றுக்குத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் ஆளுக்குச் சுமார் 40,000 யென்தான்.

நகானோவில் வெந்நீர் ஊற்றில் குளிக்கும் குரங்குகளைப் பார்க்கலாம். ஆனால் கடைசி ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உறைந்த காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். முட்டிவலி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கனசாவாவுக்கு 2 இரவு ஒதுக்குங்கள். சைபீரியக் குளிர்காற்று கடலைத் தாண்டி வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவதால், அங்கே விழும் பனி கனமானது, மரக்கிளையையே முறித்துவிடும். அதனால் கென்ரொக்குஎன் தோட்டத்தில் பைன் மரத்தை ஒட்டி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்கள். குடைக்கம்பி விரிந்த மாதிரி இருக்கும். எனக்குக் கியோட்டோவின் பொற்கோயிலைவிட அந்தக் கயிறுகள்தான் பிடித்தன. ‘சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்பது அந்த ஊர்ச் சொலவடை. நீங்களும் மறக்காதீர்கள். புல் கூரை வீடுகள் உள்ள ஷிராகவா-கோ கிராமத்துக்கு அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ரயில் கிடையாது.

சாப்பாடுதான் சிக்கல். ‘மீன் வேண்டாம்’ என்றால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். குழம்பின் அடிச்சாறே காய்ந்த மீனில் செய்ததாக இருக்கும். ‘மீன் சாறும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவில் ‘ஷோஜின் ரியோரி’ என்று கேட்டால் புத்த மடத்துச் சைவச் சாப்பாடு கிடைக்கும். மலிவாக இருக்காது. அவசரத்துக்கு நம்மூர்ப் பருப்புப்பொடி இருக்கவே இருக்கிறது.

அப்புறம், புத்தாண்டு விடுமுறை ஜனவரி 3 வரை. அது கழிந்து கிளம்புங்கள். கியோட்டோவிலிருந்து திரும்பும் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஆங்கில ‘E’ எழுத்து சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஷின்-ஃபூஜி நிலையத்தை ஒட்டி ஃபூஜி மலை முழுசாகத் தெரியும். தூங்கிவிடாதீர்கள்!