ஆழ்ந்து யோசிக்கிற பிள்ளைக்கு எந்த வேலை பொருந்தும்?

உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு வயது, எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது, இரண்டு நாள் கழித்துத் தானாக வந்து சொல்வான், இவனை எந்தத் துறைக்கு அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடங்களாகக் கணிதம் சொல்லிக்கொடுப்பவன் நான். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளை வகுப்பில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அவர்கள் கையைத் தூக்குவதில்லை.

ஒருமுறை நிகழ்தகவு பாடத்தில் ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள், அதில் ஒன்று பெண்; மற்றதும் பெண்ணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? வகுப்பே 'பாதி' என்று கத்தியது. மூத்தது, இளையது என்று வரிசைப்படுத்தினால் பெண்-பெண், பெண்-ஆண், ஆண்-பெண் என்ற மூன்றில் ஒன்று, அதனால் '1/3' என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரு மாணவி மட்டும் எதுவும் எழுதவில்லை. மறுநாள் வந்து, "சார், ஒன்று பெண் என்று நமக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள்.

விடையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 'பெண் குழந்தை உண்டா?' என்று விசாரித்து 'ஆம்' என்று பதில் வந்திருந்தால் 1/3. இருவரில் யாரோ ஒருவரைத் தற்செயலாகப் பார்த்து, அது பெண் என்று தெரிந்திருந்தால் 1/2. கணக்கை அரைகுறையாகக் கொடுத்தவன் நான். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. இன்று அவள் மருந்துச் சோதனைகளின் தரவுகளை ஆராயும் புள்ளியியலாளர். 'இந்த எண் நம்மிடம் எப்படி வந்தது?' என்று கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அதனால் துறையின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஆராய்ச்சி, தத்துவம், எழுத்து என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் போதாது. ஒரு வேலையில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று பாருங்கள். ஒரே துறைக்குள் இது மலையும் மடுவுமாக மாறும். மருத்துவத்தில் அவசர சிகிச்சைப் பிரிவும் உண்டு, திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் நோயியலும் உண்டு. (அதிலும் அறுவை சிகிச்சை நடக்கும்போதே திசுவை உறையவைத்துச் சுமார் 20 நிமிடத்தில் முடிவு சொல்லவேண்டிய நேரங்கள் வரும்.) சட்டத்தில் குறுக்கு விசாரணை ஒருவருக்குப் பொருந்தும், மேல்முறையீட்டு மனு எழுதுவது இன்னொருவருக்கு. கணினித் துறை, பத்திரிகை, கணக்குத் தணிக்கை எல்லாவற்றிலும் இப்படி இரண்டு பக்கம் உண்டு.

ஈரானில் பிறந்த கணித மேதை மரியம் மிர்சாக்கானி, கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்ற முதல் பெண். தான் மெதுவாக யோசிப்பவள் என்று அவரே சொல்லியிருக்கிறார். சிறு வயதில் எழுத்தாளராக ஆசைப்பட்டவர். பள்ளிப் பருவத்தில் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 1994, 1995 இரண்டு ஆண்டும் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் ஒரு நாளைக்கு மூன்றே கணக்குகள், நாலரை மணி நேரம். உட்கார்ந்து யோசிக்க இடம் கொடுக்கும் தேர்வு அது.

பெரும்பாலான நுழைவுத் தேர்வுகள் அப்படி இல்லை. நிதானம் கேட்கும் படிப்புக்கும் வாசலில் நிற்பது வேகத் தேர்வுதான். இதில்தான் எனக்கு ஆற்றாமை. அந்த வேகத்தைத் தனிப் பயிற்சியாகக் கற்றுக்கொடுங்கள், நீச்சல் கற்றுக்கொடுப்பது போல. அவன் யோசிக்கும் முறையையே மாற்றப் போகாதீர்கள். மதிப்பெண் குறைந்தால் 'மந்தம்' என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது. அந்தச் சொல்லால் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. யோசிப்பது வேறு, மனதுக்குள் மறுகுவது வேறு. இரண்டு நாள் கழித்து அவன் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் யோசித்திருக்கிறான். அதே பயத்தையே சுற்றிச் சுற்றிச் சொல்கிறான், தூக்கம் கெடுகிறது என்றால் வேலையைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கடைசியாக அவன் தாமதமாக வந்து சொன்ன பதில் எதைப் பற்றியது? மனிதர்களைப் பற்றியா, ஒரு பொருள் இயங்கும் விதத்தைப் பற்றியா, ஒரு சொல்லைப் பற்றியா? அதை எழுதுங்கள், இன்னும் குறிப்பாகச் சொல்லப் பார்க்கிறேன்.