பித்தளை ரயில் பெட்டிகள்: எங்கே தேடுவது?

வணக்கம். இன்று இல்லாத நானுஓயா–இராகலை ரயில் பாதையில் தேயிலை ஏற்றிச் சென்ற பெட்டிகளின் மாதிரிகளை 1:76 அளவில் செய்ய, நாமே மடித்துப் பொருத்தும் பித்தளைப் பாகத் தொகுதிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பெட்டிகளுக்கென்றே ஒரு தொகுதியைத் தேடி அலையாதீர்கள். அந்தப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 762 மில்லிமீட்டர் இருந்தது. உங்கள் அளவில் 10 மில்லிமீட்டர் வரும். பிரித்தானியாவில் ஓஓ9 என்ற பெயரில் விற்கும் குறும்பாதைத் தொகுதிகள் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுபவை. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண் பொறுத்துக்கொள்ளும். அவற்றில், உங்களிடம் உள்ள புகைப்படத்துப் பெட்டிக்கு நெருங்கிய நீளமும் முன்பின் சில்லுகளுக்கு இடையிலான தூரமும் உள்ளதை எடுத்து, பக்கத் தகட்டை மட்டும் மாற்றுங்கள். பிரதான பாதைக்கு இந்த வழி உதவாது. அதன் 1676 மில்லிமீட்டர் அகலம் உங்கள் அளவில் 22 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

பணம் அனுப்புமுன் சில்லு, அச்சு, இணைப்புக் கொக்கி ஆகியவை தொகுதிக்குள் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஸ்பிரே வர்ணத்தை விமானத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். உலோகத்துக்கான அடிப்பூச்சை ஹட்டனிலோ கண்டியிலோ வாகன வர்ணக் கடையில் வாங்கலாம்.

தகட்டை மடிக்கும்போது மடிப்பதற்காக அமிலத்தால் பாதி ஆழம் அரித்த கோடு பொதுவாக மடிப்பின் உட்பக்கம் இருக்க வேண்டும். பற்றாசு பிடித்த அன்றே சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் கொண்டு இளக்கியை (பற்றாசு ஒட்டுவதற்காகப் பூசும் அமிலத்தை) கழுவிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் மிச்சமிருக்கும் அமிலம் மூலைகளில் பச்சையாகப் பூத்து வர்ணத்தைத் தள்ளிவிடும். வெள்ளை உலோக வார்ப்புகள் இருந்தால் அவற்றுக்குச் சூடு காட்டாதீர்கள், உருகிவிடும். எப்பொக்சிப் பசையே போதும்.

முதலில் ஒரே ஒரு தொகுதியை வரவழையுங்கள். சுங்கத்தில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்த பிறகு மீதியை யோசிக்கலாம்.