கடல்முயல் முதல் தொட்டாற்சிணுங்கி வரை: பழகிப்போதல் பற்றிய கேள்வி பதில்

ஒரே தொந்தரவு திரும்பத் திரும்ப வந்தால் எளிய உயிர்கள் அதைச் சட்டை செய்யாமல் விட்டுவிடும். அது எப்படி நடக்கிறது என்பதுதான் என் துறை. கேளுங்கள்.

கே: இத்தனூண்டு நரம்பு மண்டலம் உள்ள உயிர் எப்படி சார் கற்றுக்கொள்ளும்?

அப்லிசியா என்ற கடல்முயலுக்கு ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள்தான். அதன் சைஃபன் குழாயில் மெல்லத் தண்ணீரைப் பீய்ச்சினால் செவுளை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து தடவை பீய்ச்சுங்கள், பெயருக்குத்தான் அசையும். மாற்றம் எங்கே நடந்தது? நரம்பியல் ஆய்வாளர் எரிக் கேண்டலும் கூட்டாளிகளும் 1970 வாக்கில் ஒவ்வோர் அணுவாகத் துழாவினார்கள். தோலிலிருந்து சேதி கொண்டுவரும் அணு வழக்கம்போலத் துடிக்கிறது. இயக்க அணுவை நேராகத் தூண்டினால் தசையும் நன்றாகவே சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சினாப்ஸில்தான் விஷயம்: உணர்வணு வெளிவிடும் குளுட்டமேட் என்ற சேதி கடத்தும் வேதிப்பொருள் குறைந்துவிடுகிறது. ஒரே அமர்வோடு நிறுத்தினால் பழையபடி சீக்கிரம் மீண்டுவிடும். நாலு நாள் தொடர்ந்து செய்தால் விளைவு வாரக்கணக்கில் நிற்கும், இணைப்புகளின் எண்ணிக்கையே குறைந்துபோகும். நினைவு என்பது அணுக்களுக்கிடையே நடக்கும் மாற்றம் என்று கண்ணெதிரே காட்டிய ஆய்வு இது. கேண்டலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

கே: களைத்துப் போயிருக்கும், அவ்வளவுதானே?

இந்தச் சந்தேகம் வரவே வேண்டும். தசை ஓய்ந்திருக்கலாம், உணரும் பகுதி மங்கியிருக்கலாம். அதற்கொரு சோதனை உண்டு. சைஃபனைத் தொட்டுத் தொட்டுப் பழகிப்போன கடல்முயலின் வாலில் பலமாக ஓர் அதிர்ச்சி கொடுத்துவிட்டு, மறுபடி சைஃபனைத் தொடுங்கள். செவுள் பழையபடி இழுக்கும். ஓய்ந்துபோன தசை கூடுதல் அடியால் தேறுமா?

சி. எலிகன்ஸ் புழு இன்னொரு சாட்சி. மொத்தமே 302 நரம்பணு. அது இருக்கும் தட்டைத் தட்டினால் பின்னால் நகரும். 10 நொடிக்கு ஒருமுறை தட்டினால், 60 நொடிக்கு ஒருமுறை தட்டுவதைவிடச் சட்டென்று அடங்கிவிடும். ஆனால் தட்டுவதை நிறுத்தியபின் முதலில் மீள்வதும் 10 நொடிப் புழுதான். களைப்பாக இருந்தால் அதிகம் அடங்கியது மீள அதிக நேரம் அல்லவா எடுக்க வேண்டும்?

இந்தச் சோதனைகள் இல்லாமல் ‘கற்றுக்கொண்டது’ என்று எழுதாதீர்கள்.

கே: என் நாய் இடிச் சத்தத்துக்கு நடுங்குகிறது. அடிக்கடி கேட்கவிட்டால் பழகிவிடுமா?

செய்யாதீர்கள். தூண்டல் பலமாக இருந்தால் பழகுவதற்குப் பதில் அச்சம் கூடவும் செய்யும். கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கே: ஹைட்ரா என்ற நன்னீர்ச் சிற்றுயிரைக் குலுக்கினால் சுருங்குவது நின்றுவிடுகிறதே, அது சோர்வுதானே?

இரண்டாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கே: தொட்டாற்சிணுங்கியும் கற்கும் என்று 2014இல் நிரூபித்துவிட்டார்களே!

‘நிரூபித்து’ என்ற சொல் அவசரம். மோனிகா காக்லியானோ என்ற ஆய்வாளரின் குழு செடிகளைத் தொட்டியோடு 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்தது. முதலில் இலைகள் மூடின, பிறகு மூடுவதை விட்டுவிட்டன. செடியைக் குலுக்கியபோது மூடின. ஆக, இலை ஓய்ந்துவிடவில்லை. ஆனால் விழுவதை உணரும் பகுதி மட்டும் மங்கியிருந்தால்? அந்த ஓட்டையை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். மறுபடியும் சொல்கிறேன், களைப்பையும் மங்கலையும் விலக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

கே: நரம்பே இல்லாத செடிக்குக் கற்றல் ஏது? இதற்குப் பதில் சொல்வதே வீண்.

வீண் இல்லை. நரம்பு இல்லை என்பதால் முடியாது என்று எப்படி முடிவு கட்டுவீர்கள்? ஃபைசாரம் என்ற சளிப்பூஞ்சைக்கும் நரம்பு கிடையாது. 2016இல் வெளிவந்த ஆய்வில், உணவுக்குப் போகும் வழியில் கசப்பான குவினைனைத் தடவி வைத்தார்கள். முதலில் தயங்கியது, நாள் போகப்போகத் தயக்கமின்றிக் கடந்தது. குவினைனுக்குப் பழகியது காஃபினைக் கண்டால் மறுபடி தயங்கியது. இரண்டு நாள் குவினைன் படாமல் இருந்தபின் பழைய தயக்கம் திரும்பியது. இதைக் களைப்பு என்று தள்ள முடியாது.

கே: அப்படியானால் செடியை மட்டும் ஏன் சார் ஒதுக்குகிறீர்கள்? அதே செடிகளை ஒரு மாதம் கழித்து விழவைத்தபோதும் இலைகள் மூடவில்லையே!

ஒதுக்கவில்லை. அந்த ஒரு மாதம்தான் உங்கள் தரப்பின் பலம், உணர்பகுதி மங்கினால் அவ்வளவு காலம் நீடிப்பது கடினம். வெளிச்சம் குறைவான இடத்தில் வளர்ந்த செடிகள் சீக்கிரம் அடங்கியதும் பொருந்துகிறது: இலை மூடியிருக்கும் நேரமெல்லாம் அதற்கு ஒளிச்சேர்க்கை நஷ்டம். நான் கேட்பது ஒன்றுதான். குலுக்கிய உடனே மறுபடி விழவையுங்கள். மூடல் திரும்பினால் உங்கள் பக்கம் நான் நிற்கிறேன்.

கே: ஆக, செடி களைத்துப்போனது என்கிறீர்கள்?

இல்லை. மேலே இருப்பதை முழுதாகப் படியுங்கள்.

கே: வீட்டில் செய்து பார்க்க எளிதாக ஏதாவது?

நத்தை. ஈரப் பலகையில் ஊரவிட்டு, கொம்பு முழுதாக நீண்டதும் பலகையை விரலால் ஒருமுறை தட்டுங்கள். உள்ளிழுத்த கொம்பு மீண்டும் நீள எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டு, ஒரே விசையில் தட்டிக்கொண்டே போங்கள். நொடிகள் குறைந்துகொண்டே வரும். இழுப்பதே நின்றபின், மெல்லிய தூரிகையால் கொம்பைத் தொட்டுவிட்டு மறுபடி பலகையைத் தட்டுங்கள். அந்த ஒரு தட்டுக்கு என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள்.