40 வயதுக்கு மேல் முதல் ஆல்பம் போட்டால் யாராவது கேட்பார்களா?

கேள்வி: 20 வருடமாக சர்ச் குவயரில் பாடுகிறேன். இப்போது வயது 41. இனிமேல் சொந்தமாக ஆல்பம் போட்டால் யாராவது கேட்பார்களா?

கேட்பார்கள். அமெரிக்கப் பாடகி ஷாரன் ஜோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது 2002இல். அப்போது அவருக்கு 45 வயது தாண்டிவிட்டது.

உங்களிடம் வீட்டில் யாரோ "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் வயதைப் போட்டுக் கேட்டிருக்க மாட்டீர்கள். என்னிடமும் கேட்டார்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஷாரன் பிறந்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்ற ஊரில், வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். சர்ச்சில் பாடித்தான் குரல் திறந்தது. கல்யாண வீடுகளில் பேண்டோடு பாடினார். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக இருந்தார். வங்கிப் பணம் ஏற்றிப் போகும் வண்டிக்கும் காவலுக்குப் போனார். இசைக் கம்பெனிக்காரர் ஒருவர் அவரைப் பார்த்து ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குண்டு, ரொம்பக் குள்ளம், வயதும் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். இதை ஷாரனே பல பேட்டிகளில் சொன்னார்.

1996இல் லீ ஃபீல்ட்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவில் பின்குரல் பாட மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். வந்தது ஷாரன் ஒருவர்தான். மூன்று பேர் பாட வேண்டியதையும் அவரே பாடிக் கொடுத்தார். அதைக் கேட்டுவிட்டு அங்கேயே தனியாக ஒரு பாட்டும் பாட வைத்தார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் சொல்கிறேன்.

27 வயதில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு இன்னிசைக் குழுவில் குரல் தேர்வுக்குப் போனேன். நான் குவயரில் ஆல்டோ, கனத்த குரல். நடத்துகிறவர் இரண்டு சரணம் கேட்டார். "குரல் சுத்தமா இருக்கும்மா, ஆனா மேடைக்கு முகம் வேணும்ல" என்றார். பக்கத்தில் இருந்த கீபோர்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் கோரஸுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். நான்கு வருடம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் நின்று பாடினேன். மற்றப் பெண் வராத நாட்களில் அவள் பங்கையும் சேர்த்துப் பாடியிருக்கிறேன். அதற்குத் தனிப் பணம் கிடையாது. கச்சேரி முடிய இரவு 12 மணி ஆகும். ஆண்கள் வேனில் போவார்கள், எங்களைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். விடியற்காலை முதல் பேருந்து வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனாலும் இதை யாரும் எழுதுவதில்லை. இன்றைக்கும் கோரஸ் பாடுகிற பெண்களுக்கு இதே நிலைமைதான்.

சரி, ஷாரனின் அந்த முதல் ஆல்பத்துக்கு வருகிறேன். 'டாப் டிப்பின்' வித் ஷாரன் ஜோன்ஸ் அண்ட் த டாப்-கிங்ஸ்'. டாப்-கிங்ஸ் அவருடைய பேண்டின் பெயர். டாப்டோன் என்ற சின்னக் கம்பெனியின் முதல் வெளியீடு அது. கேப்ரியல் ராத்தும் நீல் சுகர்மேனும் புரூக்ளினில் தொடங்கியது. டேப்பில், குழு ஒன்றாக வாசிக்கப் பதிவு செய்வதுதான் அவர்கள் வழக்கம். முதலில் கிடாரிஸ்ட் பிங்கி கிரிப்டைட் கச்சேரி மேடையில் அறிவிப்பதுபோல ஷாரனை அழைப்பார். அப்புறம் டிரம், பித்தளை வாத்தியங்கள், அதன் மேல் ஏறி வருகிற அந்தக் குரல். சமையலறையில் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்துத்தான் முதலில் கேட்டேன். தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, அடுப்பை அணைத்துவிட்டேன். ஜேனட் ஜாக்சனின் 1986ஆம் வருடப் பாட்டு ஒன்றையும் பாடியிருக்கிறார். யாரும் சொல்லாவிட்டால் அதற்கும் இருபது வருடம் முந்தைய பாட்டு என்றே நம்பிவிடுவீர்கள்.

இதை ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்களின் பழைய சோகப் பாட்டு மரபோடு சேர்த்துப் பேசினால், "அது ஃபங்க், ஆட வைக்கிற தாள இசை, ப்ளூஸ் இல்லை" என்று யாராவது சொல்ல வருவார்கள். இருக்கட்டும். ஒரு சொல்லைப் பிடித்து இழுத்து, வாத்தியத்தைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற அந்த முறை கறுப்பின மக்களின் சர்ச்சிலிருந்து வந்தது. ஆராதனையில் பாடிய குரலை மேடைக்குக் கொண்டுபோவது பாவம் என்பவர்களுக்கும் ஒன்று. அங்கேயும் இந்தப் பேச்சு இருந்தது. பக்திப் பாட்டில் பேர் வாங்கிய சாம் குக், பக்தி சாராத தன் முதல் பாட்டை டேல் குக் என்று பெயர் மாற்றித்தான் வெளியிட்டார். ஷாரன் கடைசிவரை இரண்டையும் விடவில்லை. புற்றுநோயில் 2016 நவம்பரில், 60 வயதில் போய்விட்டார். அடுத்த வருடம் வந்த அவருடைய கடைசி ஆல்பம், தன் சர்ச் குழுவுக்காக இளம் வயதில் அவரே எழுதிய பாட்டோடு முடிகிறது.

எல்லோரும் ஷாரன் ஆகிவிட முடியாது என்பதும் தெரியும். நான் ஆகவில்லை. போன வருடம், 46 வயதில், ஐந்து பாட்டு பதிவு செய்தேன். முதலில் போன ஸ்டுடியோவில் தம்பி ஒருவர் என் குரலைக் கம்ப்யூட்டரில் இழுத்து நேராக்கிவிட்டார். கேட்டால் யாரோ ஒரு 20 வயதுப் பெண். பழையபடி மாற்றச் சொன்னேன். "இதுக்குத்தான் அக்கா எல்லாருக்கும் காது பழகியிருக்கு" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் சனிக்கிழமை குவயர் பயிற்சி முடிந்ததும் சர்ச் ஹாலிலேயே, சத்தம் வராமல் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரே மைக்கைச் சுற்றி நான்கு பேர் நின்று பாடினோம். சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது பாட்டில் மூச்சு வாங்குவது கேட்கும், அதை எடுக்கவில்லை.

50 பென்டிரைவில் போட்டேன். 38 போயிருக்கிறது. அதில் ஒன்றை அந்தக் கீபோர்டுக்காரர் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டு போனார்.