கரையில் எதை வைப்பது? – கட்டடமும் ஊரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, சிங்கப்பூரின் மரினா பே கரையைப் பற்றியவை. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அச்சு இயந்திரக் கண்காட்சிக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். விடுதியும் சூதாட்டக் கூடமும் கடைகளும் சேர்ந்த மரினா பே சாண்ட்ஸ் வளாகத்தின் கண்காட்சி மண்டபத்தில் மூன்று நாள் இருந்தும், உள்ளேயிருந்து ஒரு தடவைகூடத் தண்ணீர் கண்ணில் படவில்லை. அப்படிப்பட்ட கரையில் இடத்தைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் இல்லாமல் மண்டபம் கட்டுவானேன்?
– சிவகாசி வாசகர்

பதில்: நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் அந்த வடிவமைப்பின் முதல் கெட்டிக்காரத்தனமாக நான் எண்ணுகிறேன். கண்காட்சி மண்டபம், உள்ளபடி பார்த்தால், ஒரு மாபெரும் கிடங்கு. நடுவில் தூண் கூடாது. வெளிச்சம் முழுவதும் விளக்கிலிருந்தே வரவேண்டும். உங்கள் அச்சு இயந்திரங்களைப் போன்ற கனத்த சரக்கை இறக்க ஒரு பக்கம் லாரிகள் வரிசையாக வந்து நிற்க வேண்டும். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் அது பூட்டிக் கிடக்கும். அதைத் தண்ணீரை ஒட்டி நிறுத்தினால், கரையில் நடப்பவருக்குக் கிடைப்பது நீண்ட குருட்டுச் சுவர்தான். ஆகவே கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி, மாநாட்டு-கண்காட்சி மண்டபம், சூதாட்டக் கூடம், நாடக அரங்கு ஆகிய மூன்று பெரிய உருவங்களையும் பின்னுக்குத் தள்ளி, அவற்றுக்கு முன்னால் கடைத்தெருவையும், அதற்கும் முன்னால் திறந்த நடைபாதையையும் வைத்தார். 55 மாடி விடுதிக் கோபுரங்கள் மூன்றும் எல்லாவற்றுக்கும் பின்னே, நகரத்திலிருந்து பார்ப்பவருக்கு நடுவில் வானம் தெரியும்படி, இடைவெளி விட்டு நிற்கின்றன. நடைபாதை விரிகுடாவைச் சுற்றி ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் ஓடுகிறது. 2010இல் திறக்கப்பட்ட 280 மீட்டர் நீள ஹீலிக்ஸ் பாலம் அதன் ஒரு கண்ணி. கழுத்தில் அடையாள அட்டை இல்லாதவரும் அதில் இரவுவரை நடக்கலாம்.

இது ஒரு கலைஞரின் நல்ல மனத்தால் மட்டும் வந்ததன்று. பொதுவாக இத்தகைய நிலத்தை ஏலம் விட்டால், அதிக விலை கேட்டவர் எடுத்து, கொடுத்த பணத்தை மீட்க ஒவ்வோர் அடியையும் விற்கப் பார்ப்பார். சிங்கப்பூர் அரசு நிலத்தின் விலையை 120 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு, மற்றவற்றில் போட்டியிடச் சொன்னது. சுற்றுலா ஈர்ப்புக்கு 40 விழுக்காடு, கட்டட வடிவமைப்புக்கு 30, முதலீட்டுக்கு 20, முன் அனுபவத்துக்கு 10 என்று மதிப்பெண் பிரித்து, 2006 மே மாதத்தில் முடிவை அறிவித்தது. அரசின் இந்த ஒரு தாள் அட்டவணை, பிறகு வரையப்பட்ட எந்த வரைபடத்தையும்விடக் கரையின் உருவத்தைத் தீர்மானித்தது என்பது என் கருத்து. இத்தனைக்கும் சூதாட்ட வருமானத்தின் நிழல் இருக்கிறது என்ற உறுத்தல் எனக்கு உண்டு; அரசுக்கும் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக் குடிமக்கள் அந்தக் கூடத்துக்குள் நுழைய நாளொன்றுக்கு 100 வெள்ளி என்றும், 2019இலிருந்து 150 வெள்ளி என்றும் கட்டணம் வைத்திருக்காது.

கேள்வி: அங்கே கடலில் அலையே இல்லையே! காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் தண்ணீர் அதே படியில் நிற்கிறதே, எப்படி?
– கடலூர் வாசகர்

பதில்: ஏனென்றால் அது கடலன்று, ஏரி. 1970களிலிருந்து கடலைத் தூர்த்து எடுத்த 360 ஹெக்டேர் நிலம், திறந்த கடலாக இருந்ததை ஒரு விரிகுடாவாகச் சுருக்கியது. அதன் வாயில் 350 மீட்டர் அகலத்துக்கு மரினா அணைக்கட்டைக் கட்டி 2008இல் திறந்தார்கள். அதற்கு முன்பு கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சில நாட்களில் 3 மீட்டர் வரை மாறும். அப்படிப்பட்ட கரையில் நடைபாதை போட்டால், ஒன்று அதை உயரத் தூக்கிக் கட்ட வேண்டும், அல்லது நாளில் பாதி நேரம் சேற்றைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். இப்போது மட்டம் ஒரே நிலையில் இருப்பதால்தான், உட்கார்ந்து காலை நீட்டினால் தண்ணீரைத் தொட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும் அளவுக்குப் படிகளைத் தாழ்வாக அமைக்க முடிந்தது.

அணைக்கட்டின் வேலை அழகு மட்டுமன்று. பெருமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால், ஒன்பது மதகுகளும் சாய்ந்து உபரி நீரை வெளியே விடுகின்றன. கடல் உயர்ந்திருந்தால் மதகு திறந்து பயனில்லை என்பதால், ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் இறைக்கும் ஏழு பம்புகள் நீரை வெளியேற்றுகின்றன. முன்பு சைனாடவுன் போன்ற தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் நின்றதற்கு ஏற்றமும் மழையும் ஒன்றாக வந்ததே காரணம். தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழும் மழை இங்கே சேர்ந்து குடிநீருக்கும் ஆகிறது. 1977 முதல் பத்தாண்டுகள் பாடுபட்டுச் சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவு செய்திராவிட்டால், இதே அணைக்கட்டு ஒரு பெரிய சாக்கடைத் தொட்டியைத்தான் அடைத்து வைத்திருக்கும்.

கேள்வி: இத்தனை மண்டபங்களுக்கும் குளிர்சாதன இயந்திரங்கள் எங்கே இருக்கின்றன?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: பெரும்பகுதி பூமிக்கடியில். கட்டடத்துக்கொன்றாக வைக்காமல், பொது நிலையத்தில் தண்ணீரைச் சில்லிட வைத்துக் குழாய் வழியே பல கட்டடங்களுக்கும் அனுப்பும் ஏற்பாடு 2006இலிருந்து இயங்குகிறது. மொட்டை மாடி தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் மிஞ்சியது அதனால்தான்.

கேள்வி: எஸ்பிளனேட் கலையரங்கை முள்நாறிப் பழம் (டுரியான்) என்று கேலி செய்கிறார்கள். அந்த முட்கள் வெறும் அலங்காரமா? மேலும், அங்கே நடக்கும் கலை எல்லாம் மாநாட்டுக்கு வந்துபோகிறவர்களுக்குத்தானா?
– ஈப்போ வாசகர்

பதில்: முட்கள் பிறகு வந்தவை. 1994இல் முதல் மாதிரியைக் காட்டியபோது கண்ணாடிக் கூரை மட்டுமே இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே கண்ணாடிக் கூண்டுக்குள் மக்களை உட்காரவைத்து அவிக்கப் போகிறீர்களா என்ற கேள்வி எழுந்தது. அதன் விடையாக வந்தவைதாம் 7,000க்கும் மேற்பட்ட அலுமினிய முக்கோணங்கள். அருகில் போய்ப் பாருங்கள்: வெயில் படும் திசைக்கேற்ப ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவுக்கு வாய் திறந்திருக்கும். சூரியன் நேரே விழாமல் வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிறது. நம் வீட்டுத் தட்டி செய்கிற வேலையேதான்.

கலை யாருக்கு என்ற கேள்விக்கு என் அளவுகோல் எளியது. மாநாட்டுக்காரர் மூன்று நாளில் போய்விடுவார், ஊர்க்காரர் மறு வாரமும் வரவேண்டும். அரங்கம் திறந்த 2002இலேயே தொடங்கிய இந்தியக் கலை விழாவான கலா உற்சவம் நவம்பர்தோறும் நடக்கிறது. மலாய்க் கலைகளுக்கும் சீனக் கலைகளுக்கும் தனித்தனி விழாக்கள் உண்டு. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி இலவசம். ஏறத்தாழ 1,600 இருக்கைகள் கொண்ட இசை அரங்கை ஒலியியல் வல்லுநர் ரஸ்ஸல் ஜான்சன், பெரிய வாத்தியக் குழுவுக்கு எதிரொலி அறைகளைத் திறக்கவும், மற்ற வேளைகளில் அவற்றை மூடித் திரைகளை இறக்கவும் கூடியதாக அமைத்தார். மிருதங்கத்தின் சொல் தெளிவாகக் கேட்க இந்தத் திரைகள் வேண்டும். எதிரொலி நீண்டால் தனி ஆவர்த்தனம் குழம்பிப் போகும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதே பகுதியில் இருந்த சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) கடைகளின் திடல் 1995இல் மூடப்பட்டது. விலை மலிவான அந்தக் கூட்டத்தை எந்த வடிவமைப்பாலும் திரும்ப வரவழைத்துவிட முடியாது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து அரங்குக்குச் செல்லும் சுரங்கப்பாதையில் மாலை நேரங்களில் இளைஞர்கள் கூட்டமாக நடனம் பழகுவதைப் பார்க்கலாம். அங்கே வெயிலும் மழையும் படுவதில்லை, வாடகை இல்லை, கண்ணாடிச் சுவரில் தங்கள் அசைவும் அவர்களுக்குத் தெரிகிறது.