ஊருக்குப் பயந்த காலம்

கேள்வி: என் மகள் கல்லூரியில் சமூகவியல் படிக்கிறாள். சமூகமயமாதல், சமூக நெறிகள், சமூகக் கட்டுப்பாடு என்று ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்கிறாள். பிள்ளையை ஒழுங்காக வளர்க்க வேண்டும், ஊருக்குப் பயந்து நடக்க வேண்டும், இவ்வளவுதானே விஷயம்? எல்லாருக்கும் தெரிந்ததற்கு எதற்கு ஒரு பட்டம்? எங்கள் காலத்தில் ஊர்க்கட்டுப்பாடு இருந்தது, தப்பு நடக்கவில்லை. அது போனதால்தானே இன்று எல்லாம் கெட்டுக் கிடக்கிறது?
- ஒரு தந்தை, தேனி மாவட்டம்

பதில்: கேள்வி என்று சொல்லி இரண்டு தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்கிறீர்கள். ஹரால்ட் கார்ஃபிங்கல் என்று அமெரிக்காவில் ஒரு சமூகவியல் பேராசிரியர் இருந்தார். தன் மாணவர்களை ஒரு காரியம் செய்யச் சொன்னார். சொந்த வீட்டிலேயே, வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளியாள் மாதிரி கொஞ்ச நேரம் நடந்துகொள்ள வேண்டும். வம்பு எதுவும் கூடாது. மரியாதையாக இருக்க வேண்டும், கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பல வீடுகளில் ஒரே களேபரம். உடம்புக்கு என்ன, வேலை போய்விட்டதா, யார் மேல் கோபம் என்று பெற்றோர் பதறினார்கள், சிலர் எரிந்து விழுந்தார்கள். 1967-இல் வந்த அவருடைய நூலில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

உங்கள் மகள் நாளைக் காலையில் வந்து, "ஐயா, ஃபிரிட்ஜைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா?" என்று பணிவாகக் கேட்கட்டும். நீங்கள் பூரித்துப்போக மாட்டீர்கள். அவள் அம்மா வேப்பிலை தேடப் போவார். பணிவாக இருக்கச் சொல்லி வளர்த்தது நீங்கள்தான். ஆனால் யாரிடம், எந்த இடத்தில், எவ்வளவு பணிவு என்று உட்காரவைத்துப் பாடம் எடுத்தீர்களா? இல்லை. பார்த்துப் பார்த்து அவளாகவே பிடித்துக்கொண்டாள். சமூகமயமாதலில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. யாராவது மீறும் வரைக்கும் இப்படி ஒரு விதி இருப்பதே நம் கண்ணில் படாது. அதைக் கண்ணில் படவைப்பதற்குத்தான் அந்தப் படிப்பு.

உங்கள் பக்கத்து மொய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னாருக்கு இவ்வளவு திருப்பிச் செய் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருந்தும் பணம் திரும்பி வருகிறது, பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே வருகிறது. நோட்டில் பெயர் இருக்கிறது, சில ஊர்களில் தொகையை மைக்கிலேயே வாசித்துவிடுகிறார்கள். செய்யாதவரைப் பற்றி அடுத்த விசேஷத்தில் பேச்சு அடிபடும். போலீஸ்காரர் இல்லாமல் ஒரு நெறி நடைமுறையில் இருப்பது இப்படித்தான். இதுவரை உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

சண்டை உங்கள் இரண்டாவது தீர்ப்போடுதான். தப்பு நடக்கவில்லை என்கிறீர்களே, எது தப்பு என்று சொன்னது யார்?

தெற்குத் திருவிதாங்கூருக்குப் போவோம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அதற்கு அரசின் ஆதரவும் இருந்தது. தனக்கு மேலே உள்ளவர் முன்னால் மார்பைத் திறந்து நிற்பதுதான் மரியாதை என்று அன்றைக்கு எண்ணினார்கள். நாயர் பெண்களே தங்களுக்கு மேலானவர்கள் முன்னால் தோள்சீலையை விலக்க வேண்டியிருந்தது. மேலிருந்து கீழ்வரை படிப்படியாக இதைச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருந்தார்கள்.

கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை போட ஆரம்பித்தார்கள். மேல்சாதிக்காரர்கள் தெருவிலும் சந்தையிலும் அதைக் கிழித்தெறிந்தார்கள். பள்ளிக்கூடங்களும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. 1829-இல் அரசு ஒரு பிரகடனம் போட்டது. குப்பாயம் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை கூடாது என்றது. 1858, 59-இல் மறுபடி கலவரம். சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெலியன் நெருக்கினார். 1859 ஜூலையில் அரசர் உத்திரம் திருநாள் இறங்கிவந்தார். நாடார் பெண்கள் எல்லாரும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. அதிலும் ஒரு வாலை ஒட்டித்தான் விட்டார்கள்: மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது! துணி போடலாம், சமமாகத் தெரியக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு இத்தனை காலமும் எதைக் காவல் காத்தது என்பதை இந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நீங்கள் ஏங்குகிற அந்த ஊர்க் கணக்குப்படி, துணி போட்ட பெண் கட்டுப்பாட்டை மீறியவள். அதைக் கிழித்தவன் கட்டுப்பாட்டைக் காப்பாற்றியவன். ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1963-இல் இதைத்தான் எழுதினார்: பிறழ்வு, அதாவது நீங்கள் சொல்லும் தப்பு, செயலோடு பிறந்து வருவதில்லை, விதி போடுகிறவர்கள் அதன்மேல் கொண்டுவந்து ஒட்டுவது. உங்கள் மகளின் பாடத்தில் அநேகமாக இவரும் இருப்பார்.

அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். சரி, 2011-க்கே வாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், டீக்கடைகளின் இரட்டை டம்ளர் முறை குற்றம், கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இரட்டை டம்ளரும் ஊர்க்கட்டுப்பாடுதானே? அப்புறம் ஊர்விலக்கு. கடையில் சாமான் கிடையாது, யாரும் பேசக் கூடாது, பேசினால் அபராதம். மகாராஷ்டிரம் இதற்காகவே 2016-இல் தனிச்சட்டம் நிறைவேற்றியது. ஊருக்குப் பயந்து நடந்தோம் என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். அந்த ஊரில் யார் யாருக்குப் பயந்தார்கள் என்று தெருவாரியாகப் பிரித்துக் கேட்டால் பெருமை எத்தனை தெருவில் மிஞ்சும்?

இன்னொன்று. கட்டுப்பாடு போய்விட்டது என்பதே சரியில்லை. உங்கள் மகள் ஒரு போட்டோ போட்டால் துபாயிலிருக்கும் சித்தப்பாவுக்குத் தெரிந்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் விசாரணை முடிந்து, சாயந்திரத்துக்குள் உங்களுக்கு போன் வந்துவிடும். உங்கள் இளமையில் ஊர் எல்லையைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அந்த வசதி கிடையாது.

மனப்பாட விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. ஐந்து மார்க்குக்கு வரைவிலக்கணம், பத்து மார்க்குக்கு வகைகள் என்று கேட்டால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? அதற்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.